திசை திரும்பும் சுமை

மணலின் வலிமை எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. எஃகுக் கம்பிக்கு உண்டு. கான்கிரீட் கட்டிக்கும் ஓரளவு உண்டு. மணல் எவ்வளவு நெருங்கி அடைந்திருக்கிறது, எவ்வளவு அழுத்தத்துக்குள் இருக்கிறது, இடுக்குகளில் உள்ள நீருக்கு வெளியேற வழி உண்டா, துகள்கள் எப்படிப் படிந்தன, சுமை எந்தத் திசையில் வந்து எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்ற ஐந்தையும் சொன்ன பிறகுதான் பதில் தொடங்கும். முதல் நான்கையும் ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டன. ஐந்தாவதை அளக்கத் தக்க கருவியோடு அணுக இருநூறு ஆண்டுகள் ஆயின.

கூலும் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். மர்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து திரும்பியவர், 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். அது 1776-இல் அச்சானது. மண்ணைத் தாங்கி நிற்கும் மதிலை அந்த மண் எவ்வளவு தள்ளும் என்பது அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. மண் ஒரு தளத்தின் வழியே வழுக்கும்போது அதைத் தடுப்பவை ஒட்டும் உராய்வும். காய்ந்த மணலில் ஒட்டு இல்லை, உராய்வு மட்டும்தான். அந்தத் தளத்தை எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு அதுவும் கூடும். இந்த விகிதத்தைக் கோணமாக எழுதுவது வழக்கம். தளர்ந்த மணலுக்கு 30 பாகையை ஒட்டியும், இறுகிய மணலுக்கு 40 பாகையை ஒட்டியோ தாண்டியோ வரும். அடித்தளக் கணக்குகள் இன்றும் இந்த உராய்வுக் கோணத்தில்தான் தொடங்குகின்றன. திசை என்ற ஒன்றுக்கு அதில் இடமில்லை. மணல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்பதைச் சொல்லாமலே வைத்துக்கொண்ட கணக்கு அது.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1885-இல் வேறொரு கதவைத் திறந்தார். அரிசி அளப்பவர் படியைத் தட்டினால் இன்னும் ஒரு பிடி அரிசி இறங்கும். அசைத்தால் துகள்கள் நெருங்கும் என்பது எல்லோருக்கும் பழகிய உண்மை. ரேனால்ட்ஸ் காட்டியது இதற்கு மறுபக்கம். ஏற்கெனவே நெருங்கி அடைந்த துகள்களின் உருவத்தை மாற்ற வேண்டுமானால் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் கனஅளவு கூடும். ரப்பர் பையில் துகள்களையும் நிறமூட்டிய நீரையும் நிரப்பி, அதில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிப் பையை அழுத்தினார். குழாயில் நீர் மேலே ஏறும் என்று எதிர்பார்த்தவர்கள் அது கீழே இறங்குவதைப் பார்த்தார்கள். பை உருமாறும்போது உள்ளே இடுக்குகள் பெருத்து நீரை உறிஞ்சிக்கொண்டன. ஈரமான கடற்கரையில் கால் வைத்த இடத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

இறுகிய மணல் உருமாறும்போது விரிகிறது, தளர்ந்த மணல் சுருங்குகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே விரியாமலும் சுருங்காமலும் உருமாறும் ஒரு நெருக்கம் இருக்க வேண்டும். 1936-இல் ஹார்வர்டில் ஆர்தர் காசகிராண்டே அதை மாறுநிலை வெற்றிட விகிதம் என்று வரையறுத்தார். வெற்றிட விகிதம் என்பது இடுக்குகளின் கனஅளவைத் துகள்களின் கனஅளவால் வகுத்து வருவது. இரண்டு ஆண்டுகளில் இந்த வரையறைக்குப் படிப்பறைக்கு வெளியே தேவை வந்தது. மொன்டானாவில் மிசூரி ஆற்றின் குறுக்கே, மணலையும் சேற்றையும் நீரோடு கலந்து குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி எழுப்பிக்கொண்டிருந்த ஃபோர்ட் பெக் அணையின் ஒரு பகுதி 1938 செப்டம்பர் 22 அன்று சரிந்தது. எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நீர் இங்கே வெறும் பார்வையாளன் இல்லை. மணல்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் தாங்கும் சுமைதான் உராய்வைத் தருகிறது. மொத்த அழுத்தத்திலிருந்து இடுக்கு நீரின் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது பயனுறு தகைவு. டெர்சாகி 1920-களில் நிறுவிய இந்தக் கழித்தல் இல்லாமல் மண் இயக்கவியலே இல்லை. தளர்ந்த மணல் நீரில் ஊறிக் கிடக்கிறது, சுமை விரைவாக வருகிறது, நீருக்கு வெளியேற நேரமில்லை என்று வைத்துக்கொண்டால், சுருங்கப் பார்க்கும் துகள்கள் சுமையை நீரின் மேல் இறக்கிவிடும். நீரின் அழுத்தம் ஏறும், துகள்களுக்கு இடையிலான பிடி தளரும், கடைசியில் மணல் குழம்பாகும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் வந்தபோது கவாகிஷிச்சோ பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமல் முழுசாகச் சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. கட்டி முடித்துச் சில வாரங்களே ஆன ஷோவா பாலத்தின் தளங்கள் ஆற்றில் விழுந்தன. அதே ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவிலும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்திருந்தது. மணலைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதிக்கும் ஆய்வு இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பிறகே வேகம் பெற்றது. பெர்க்லியில் சீடும் லீயும் 1966-இல் வெளியிட்ட சோதனைகள் அதன் முதல் பெரிய அறுவடை.

அவர்கள் பயன்படுத்திய முறை மூவச்சுச் சோதனை. பெயருக்கு மூன்று அச்சு. வேலைக்கு இரண்டுதான் என்பதைப் பின்னால் பார்க்கலாம். முதலில் அந்தச் சோதனைக்கு மணலைத் தயார் செய்வதைப் பார்க்க வேண்டும். பாடநூல்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கி அப்பால் போய்விடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலான நேரம் இதில்தான் கழிகிறது.

களிமண்ணைச் செதுக்கி உருளையாக நிறுத்தலாம். மணல் நிற்காது. ஆகவே கருவியின் அடித்தட்டின் மேலேயே, இரண்டாகப் பிரியும் உலோக அச்சின் உட்புறத்தில் மெல்லிய ரப்பர் உறையை விரித்து, அதற்குள் மணலை நிரப்ப வேண்டும். உறையின் தடிமன் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நிரப்பியதும் மேல்தட்டை வைத்து, உறையை அதன் மேல் ஏற்றி ரப்பர் வளையத்தால் கட்டி, உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக உறிஞ்ச வேண்டும். வெளியிலிருக்கும் வளிமண்டலம் அழுத்த, மணல் உருளை தானே நிற்கும். அச்சைப் பிரித்து எடுத்துவிடலாம். 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் பழைய வழக்கம். மணலுக்கு இன்று 70, 100 மில்லிமீட்டர் விட்டங்கள் சாதாரணம். பிறகு அதை ஒரு அழுத்தக் கலத்துக்குள் அடைத்து, கலத்தில் நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள்.

இதன் பிறகு மணலை நீரால் நிறைக்க வேண்டும். இடுக்கில் ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கினாலும் நீரழுத்த அளவு பொய் சொல்லும். அழுத்தம் ஏறும்போது குமிழி சுருங்கி ஏற்றத்தை விழுங்கிவிடும். ஆகவே முதலில் கார்பன் டை ஆக்சைடைக் கீழிருந்து மேலாகச் செலுத்திக் காற்றை விரட்டுவார்கள். அந்த வாயு காற்றைவிடப் பல மடங்கு எளிதாக நீரில் கரையும். பிறகு காற்று நீக்கிய நீரை மிக மெதுவாக ஏற்றுவார்கள். அப்படியும் மிஞ்சுவதைக் கரைக்க உள்நீரையே சில நூறு கிலோபாஸ்கல் அழுத்தத்தில் வைப்பார்கள். நிறைந்ததா என்று அறிய ஸ்கெம்ப்டன் 1954-இல் தந்த எளிய உரைகல் உண்டு: வடிகாலை மூடிவிட்டு வெளியழுத்தத்தைச் சற்று ஏற்றினால் உள்நீரழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்தால் பொறுத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற துறை அல்ல இது.

மணலை எப்படி நிரப்பினார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தபோது இந்தத் துறை சற்றுக் கலங்கித்தான் போனது. உலர்ந்த மணலைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து சல்லடை வழியே தூவலாம், நீருக்குள் தூவலாம், சற்று ஈரமாக்கி அடுக்கடுக்காக இடிக்கலாம். மூன்று வழியிலும் ஒரே மணலை ஒரே வெற்றிட விகிதத்தில் நிறுத்த முடியும். அப்படி நிறுத்தினாலும், திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுழற்சிச் சுமைக்கு அவை தரும் எதிர்ப்பு வேறு வேறு. 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் நடந்த சோதனைகள் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டின. எடையும் கனஅளவும் ஒன்று; நடத்தை வேறு. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன என்ற உள்ளமைப்பு வெற்றிட விகிதத்தில் பதிவாவதில்லை. ஆற்றிலும் கடலிலும் படிந்த மணல் நீரில் விழுந்து படிந்தது. ஈரமாக்கி இடித்த மாதிரியின் துகள்கள் நுண்குழாய் ஈர்ப்பில் தொங்கி நின்ற அமைப்பு இயற்கையில் எளிதில் கிடைக்காதது. மிகத் தளர்ந்த மாதிரி வேண்டும் என்பதற்காக அந்த முறையை எடுத்துக்கொண்ட ஆய்வுகள் நிறைய. அவற்றின் முடிவுகளை ஆற்றுப்படிவுக்கு நேராகப் பொருத்துவது துணிச்சலான காரியம்.

ஜப்பானிய ஆய்வாளர் ஓடா 1972-இல் மணலுக்குள் பிசினை ஊற்றி இறுகவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். ஈர்ப்பில் விழுந்த துகள்களின் நீண்ட அச்சுகள் கிடைமட்டத்தை ஒட்டிப் படுத்திருந்தன. தொடும் முகங்கள் பெரும்பாலும் மேலும் கீழும் பார்த்திருந்தன. அதே ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆர்தரும் மென்சீஸும் பெட்டியைச் சாய்த்து வைத்து மணலைக் கொட்டி, பிறகு நிமிர்த்திச் சோதித்தார்கள். படிந்த திசைக்கு நேராக அழுத்தும்போது மணல் விறைப்பாக நின்றது. சாய்த்து அழுத்தும்போது உருமாற்றம் வெகுவாகக் கூடியது. கூலும் கண்ட ஒற்றைக் கோணம் இங்கே பிளவுபடுகிறது. மணலுக்கு மேல்கீழ் உண்டு, பக்கவாட்டு உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

மணலுக்குத் திசை உண்டென்றால் சுமையின் திசையை இயந்திரம் விருப்பப்படி மாற்றிக் காட்ட வேண்டும். மூவச்சுக் கலத்தால் அது முடியாது. மண்ணின் எந்தப் புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் முதன்மைத் தகைவுகள் உண்டு: பெரியது, இடைப்பட்டது, சிறியது. கலத்தில் உருளையைச் சுற்றி இருப்பது ஒரே நீர். ஆகவே பக்கவாட்டுத் தகைவுகள் இரண்டும் எப்போதும் சமம். செங்குத்துச் சுமை பக்க அழுத்தத்தை மிஞ்சும்போது பெரிய தகைவு நிமிர்ந்து நிற்கும். குறைக்கும்போது திடீரென்று படுத்துவிடும். நடுவே எந்தக் கோணமும் இல்லை, பூஜ்யம் அல்லது தொண்ணூறு பாகை மட்டும். நிலத்தில் அப்படி நடப்பதில்லை. மண்கரை ஒன்றின் நடுவே கீழே போகும் தகைவு, கரையின் ஓரத்தை நோக்கி வரவர மெல்லச் சாய்கிறது. சாலையின் அடியில் உள்ள மண்ணை ஒரு சக்கரம் நெருங்கும்போது சறுக்குத் தகைவு ஒரு பக்கமும், கடந்தபின் எதிர்ப்பக்கமும் இழுக்கும். சக்கரம் நேர்மேலே இருக்கும் கணத்தில் சறுக்கு இல்லை. இந்தப் போக்கை வரைபடமாக்கினால் இதய வடிவில் ஒரு வளைவு கிடைக்கும்.

கடலலையின் நிலை இன்னும் விசித்திரமானது. ஆழமான மணல் படுகையின் மேல் அலை நகரும்போது முகட்டின் கீழே அழுத்தம் கூடும், பள்ளத்தின் கீழே குறையும். மீட்சித் தன்மை கொண்ட தரை என்று கொண்டு கணக்கிட்டால், படுகைக்குள் ஒரு புள்ளியில் அலையால் வரும் பெரிய தகைவுக்கும் சிறிய தகைவுக்கும் உள்ள வேறுபாடு அலை கடந்துபோகும் நேரம் முழுதும் மாறவே மாறாது. திசை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். ஓர் அலைக்கு 180 பாகை. இந்த வேறுபாடு மிகுதியாக இருப்பது அலைநீளத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு ஆழத்தில். வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்வயலின் மாபெரும் கான்கிரீட் தொட்டி 1973-இல் மணற்படுகையின் மேல் இறக்கப்பட்டது. கடலடி மணலின் மேல் கட்டத் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கு ஏட்டுச்சுரைக்காயாக இருக்க முடியவில்லை. சுமையின் அளவு மாறாமல் திசை மட்டும் திரும்பினால் மணல் என்ன செய்யும்? அன்று கையிருப்பில் இருந்த கோட்பாடுகளில் பல, ஒன்றும் செய்யாது என்றே சொல்லியிருக்கும். தகைவின் அளவையே கணக்கில் எடுத்து, திசையை எடுக்காத கோட்பாடுகள் அவை. ஆர்தரும் கூட்டாளிகளும் 1980-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே முதன்மைத் தகைவின் சுழற்சியை விடுபட்ட அளவுரு என்று அழைத்தது.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தக்க கருவிக்கான முயற்சிகள் பல. கேம்பிரிட்ஜில் ராஸ்கோ 1950-களில் கட்டிய எளிய சறுக்குக் கருவி மணலைப் பெட்டியோடு சாய்த்தது. அதில் தகைவின் திசை திரும்பும். ஆனால் எவ்வளவு திரும்புகிறது என்பதை மணலே தீர்மானிக்கும், ஆய்வாளர் அல்லர். ஆறு முகங்களிலும் தனித்தனியாக அழுத்தும் கனசதுரக் கருவிகள் மூன்று தகைவுகளையும் தனித்தனியே ஆண்டன. திசை மட்டும் முகங்களோடு கட்டுண்டு நின்றது. உள்ளீடற்ற உருளைதான் கடைசியில் வேலைக்கு ஆனது.

தடித்த சுவர் கொண்ட குழாய் வடிவில் மணலை நிறுத்துவதே அதன் யோசனை. உள்ளே ஓர் உறை, வெளியே ஓர் உறை. மேலிருந்து அழுத்தலாம், மேல்தட்டைத் திருகி முறுக்கலாம், உள்ளறையின் நீரழுத்தத்தையும் வெளியறையின் நீரழுத்தத்தையும் தனித்தனியே ஆளலாம். நான்கு பிடிகள் கையில் இருக்கின்றன. ஆள வேண்டியவையும் நான்கு: மூன்று முதன்மைத் தகைவுகள், பெரிய தகைவு செங்குத்திலிருந்து சாய்ந்த கோணம். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹைட், ஜென்ஸ், சைம்ஸ் மூவரும் 1983-இல் விவரித்த கருவியில் மாதிரியின் வெளிவிட்டம் 254 மில்லிமீட்டர், உள்விட்டம் 203, உயரம் 254. சுவரின் தடிமன் ஓர் அங்குலம்தான்.

இந்தப் பரிமாணங்கள் சமரசத்தில் பிறந்தவை. முறுக்கும்போது வெளிச்சுவர் உட்சுவரைவிட அதிக தூரம் நகரும். உள்ளும் வெளியும் அழுத்தம் வேறுபட்டால் சுவரின் குறுக்கே தகைவு மாறும். ஒரு மாதிரிக்குள் ஒரே தகைவு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லாச் சோதனையும் நடக்கிறது. அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. சுவரை மெலிதாக்கினால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும். ஆனால் மெலிந்த சுவரில் துகள்களின் எண்ணிக்கை போதாது, உறை துகள்களின் இடுக்குக்குள் அமுங்குவதால் வரும் பிழையும் பெருகும். உயரத்தைக் கூட்டினால் மேல்கீழ்த் தட்டுகளின் உராய்வுப் பாதிப்பு நடுவே எட்டாது. மாதிரியைச் சீராக நிரப்புவது கடினமாகும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக இருந்தால் சுவருக்குள் குழப்பம் குறையும் என்று பலர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதற்கும் விலை உண்டு. அப்போது இடைத்தகைவின் ஒப்பு நிலை, சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தோடு பிணைந்துவிடும். ஒன்றை மாற்றினால் மற்றது தானே மாறும். எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. இந்தப் பிணைப்பைக் கவனியாமல் எல்லா விளைவையும் கோணத்தின் கணக்கில் எழுதிய முடிவுகளை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இஷிஹாராவும் தொவாதாவும் அதே 1983-இல் அலையின் கேள்வியை நேரடியாகக் கேட்டார்கள். தொயோரா மணலின் தளர்ந்த மாதிரியில் தகைவு வேறுபாட்டை மாறாமல் வைத்து, திசையை மட்டும் திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். வடிகால் திறந்திருந்தபோது ஒவ்வொரு சுழற்சிக்கும் மணல் சற்றே சுருங்கிக்கொண்டே வந்தது. மூடியிருந்தபோது நீரழுத்தம் ஏறிக்கொண்டே போனது. சுமை ஒரு துளியும் கூடவில்லை; மணல் தன் பிடியை இழந்துகொண்டிருந்தது. ஹொக்கைடோவில் மியூராவும் தோக்கியும் 1986-இல் இறுகிய மணலையே எடுத்து மூன்று தகைவுகளின் அளவையும் நிலையாக நிறுத்தித் திசையைச் சுழற்றினார்கள். அங்கும் குறிப்பிடத்தக்க சறுக்குத் திரிபு, அதாவது சறுக்கும் உருமாற்றம், வந்தது; விரிய வேண்டிய இறுகிய மணல்கூடச் சுருங்கியது.

இந்தச் சோதனைகளில் இன்னொன்றும் வெளிப்பட்டது. எந்தத் திசையில் தகைவு அழுத்துகிறதோ அந்தத் திசையில்தான் புதிதாகத் திரிபும் கூடும் என்பது பழைய நெகிழ்வுக் கோட்பாட்டின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. சுழலும் சுமையில் அப்படி நடக்கவில்லை. திரிபு கூடும் திசை தகைவின் திசையிலிருந்து விலகி, தகைவு அடுத்து எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. முறிவு நெருங்க நெருங்க இந்த விலகல் குறைந்தது. ராஸ்கோவின் குழு 1967-லேயே எளிய சறுக்கில் இரு அச்சுகளும் தொடக்கத்தில் பொருந்தாததைக் கண்டு எழுதியிருந்தது. மணலுக்குள் ஈயக் குண்டுகளைப் புதைத்து ஊடுகதிர்ப் படமெடுத்து அவற்றின் நகர்வை அளப்பது கேம்பிரிட்ஜின் வழக்கம். உள்ளீடற்ற உருளை வந்த பிறகே அந்த விலகலை ஆய்வாளர் விரும்பிய கோணத்தில் வரவழைக்க முடிந்தது.

திசையின் விலை எவ்வளவு என்பதை யோஷிமினே, இஷிஹாரா, வார்காஸ் மூவரின் 1998 சோதனைகள் மிகத் தெளிவாகக் காட்டின. ஒரே மணல், ஏறக்குறைய ஒரே நெருக்கம், வடிகால் மூடிய நிலை. பெரிய தகைவு நிமிர்ந்து நின்றபோது மணல் விரியப் பார்த்தது, வலிமை கூடிக்கொண்டே போனது. கோணத்தைச் சாய்க்கச் சாய்க்கச் சுருங்கும் இயல்பு மேலோங்கியது. தகைவு படுத்த நிலையில் அதே மணல் பிடி இழந்து ஓடும் நிலைக்கு வந்தது. இடைத்தகைவு பெரிதானாலும் இதே போக்கு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உதயகுமாரும் வைதும் அதே ஆண்டு வெளியிட்ட முடிவுகளும் இதையே சொல்கின்றன. மணல் தளர்ந்ததா இறுகியதா என்று நெருக்கத்தை மட்டும் வைத்துச் சொல்லும் பழக்கம் இந்த இரண்டு கட்டுரைகளோடு முடிந்திருக்க வேண்டும். நடைமுறையில் முடியவில்லை.

மேலே வந்த முடிவுகளில் பல தொயோரா என்ற ஒரே மணலின் முடிவுகள். ஜப்பானின் யமகுச்சி மாவட்டக் கடற்கரை மணல் அது. சராசரி விட்டம் 0.2 மில்லிமீட்டர் அளவு, பெரும்பாலும் குவார்ட்ஸ், துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு. இதுபோன்ற தர மணல் பிரிட்டனுக்கு லெய்ட்டன் பஸ்ஸார்டு, பிரான்சுக்கு ஹோஸ்தன், அமெரிக்காவுக்கு ஒட்டாவா. இந்தியாவில் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கிடைக்கும் மணலே தர மணல். சிமென்ட் சோதனைக்காக வகுத்த ஐ.எஸ். 650 அதை 2 மில்லிமீட்டரிலிருந்து 90 மைக்ரான் வரை மூன்று தரமாகப் பிரிக்கிறது, மண் இயக்கவியல் ஆய்வுக்கூடங்களும் அதையே கையாள்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தர மணல்கள் இன்றியமையாதவை. ஆனால் கழுவிச் சலித்த, தூசியும் வண்டலும் இல்லாத மணல் ஆற்றுப்படுகையில் கிடைப்பது அரிது. வண்டல் கலந்த மணல்தான் பல இடங்களில் குழம்பாகியிருக்கிறது. சுழற்சிச் சுமையில் அதன் நடத்தை பற்றிய சோதனைகள் தர மணலைப் பற்றியவற்றோடு ஒப்பிட்டால் குறைவு.

மாதிரி உள்ளே என்ன செய்கிறது என்பது வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. வெளியிலிருந்து அளக்கும் திரிபு முழு மாதிரியின் சராசரி. இறுகிய மணல் உச்ச வலிமையைத் தாண்டியதும் உருமாற்றம் மாதிரி முழுதும் பரவி நடப்பதில்லை. ஒரு மெல்லிய பட்டைக்குள் ஒடுங்கிவிடுகிறது. அந்தப் பட்டையின் தடிமன் துகள் விட்டத்தின் பத்திலிருந்து இருபது மடங்கு. தொயோரா மணலில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர். கிரெனோபிளில் தெரூவும் குழுவினரும் 1996-இல் மருத்துவத்தில் பயன்படும் ஊடுகதிர் அடுக்குப்பட முறையை மணல் மாதிரிக்குப் பயன்படுத்தி, பட்டைக்குள் மணல் மிகவும் தளர்ந்திருப்பதையும் வெளியே ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும் காட்டினார்கள். அந்த நிலையில் சராசரித் திரிபு எதன் திரிபு? பட்டைக்குள்ளும் அது இல்லை, வெளியிலும் இல்லை. 2010-களில் அதே ஊரில் நுண்படங்கள் இன்னும் கூர்மையாகி, சோதனையின்போதே ஒவ்வொரு துகளும் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சுழன்றது என்று பின்தொடர முடிந்தது. அதற்கு மாதிரியைச் சுண்டுவிரல் பருமனுக்குச் சுருக்க வேண்டியிருந்தது.

மறுகோடியில், மிகக் குறைந்த அழுத்தத்தில் மணல் எப்படி நடக்கும் என்பதும் தரையில் கேட்க முடியாத கேள்வி. 150 மில்லிமீட்டர் உயர மாதிரியின் அடியில் அதன் சொந்த எடையே இரண்டு கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தும். ஸ்டீன் ஸ்டூரேயின் குழு நாசா விண்ணோடங்களில் 1996-லும் 1998-லும் ஒட்டாவா மணலை அனுப்பி 0.05 கிலோபாஸ்கல் வரை இறங்கிச் சோதித்தது. அங்கே உச்ச உராய்வுக் கோணம் 70 பாகையை எட்டியது. மூன்றாம் முறை 2003-இல் கொலம்பியாவில் போனது. விண்ணோடம் திரும்பும் வழியில் ஏழு பேரோடு சிதைந்தது. தரவில் ஒரு பகுதி முன்னதாகவே தரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

சோதனைகள் பெருகப் பெருக அவற்றைச் சமன்பாட்டில் அடக்கும் கணித மாதிரிகளும் பெருகின. 1987 ஜூலையில் கிளீவ்லாந்தில், உள்ளீடற்ற உருளைச் சோதனையில் முன்னோடியான அடெல் சாடாவின் முயற்சியில், ஒரு கூட்டம் நடந்தது. சில எளிய சோதனைகளின் முடிவுகளைத் தந்து, சிக்கலான சுமைவழிகளில் அதே மணல் என்ன செய்யும் என்று முன்கூட்டிக் கணிக்கச் சொன்னார்கள். கணிப்புகள் வெகுவாகச் சிதறின. தெரிந்த முடிவுக்குப் பொருந்தும் வளைகோடு வரைவது வேறு, தெரியாத முடிவைச் சொல்வது வேறு என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டிய கூட்டம் இந்தத் துறையில் அரிது. கண்டாலும் ஸ்ட்ராக்கும் 1979-இல் தந்த முறையில், துகள்களை ஒவ்வொன்றாகக் கணினியில் விட்டு மோதவைப்பது இன்னொரு வழி. தகைவின் திசை திரும்பும்போது பழைய தொடுமுகங்கள் பிரிந்து புதியவை பிறப்பதை அதில் எண்ணிப் பார்க்கலாம். உள்ளமைப்பையே ஒரு மாறியாகச் சேர்த்து, மாறுநிலையில் அதுவும் ஒரு முடிவான வடிவத்துக்கு வர வேண்டும் என்று லீயும் தஃபாலியாஸும் 2012-இல் வகுத்த கோட்பாடு இந்தக் கணக்கிலிருந்தும் சோதனைகளிலிருந்தும் பலம் பெற்றது.

இத்தனைக்கும் பிறகு நிலத்தில் கிடக்கும் மணலுக்கும் உறைக்குள் நிரப்பிய மணலுக்கும் இடையே தூரம் இருக்கவே செய்கிறது. தூவி நிரப்பிய மாதிரிக்கு வயது சில மணிநேரம். படுகையில் கிடப்பது நூற்றாண்டுகளாக இறுகி, சிறு நடுக்கங்களைத் தாங்கி, தொடும் இடங்களில் மெல்லிய பிணைப்புகளை வளர்த்துக்கொண்டது. எஃகுக் குழாயை அடித்து இறக்கி மாதிரி எடுத்தால் அந்த வரலாறு அங்கேயே குலைந்துபோகும். ஜப்பானில் யோஷிமியும் உடன்பணியாளர்களும் 1970-களின் இறுதியில் நிலத்தையே உறையவைத்து எடுக்கத் தொடங்கினார்கள். திரவ நைட்ரஜனைக் குழாயில் செலுத்தி ஒரு பக்கத்திலிருந்து மெல்ல உறையவைத்தால், விரியும் நீர் முன்னால் இருக்கும் இடுக்குகள் வழியே ஓடிவிடும். வண்டல் இல்லாத மணலில் துகள்கள் இடம் பெயராது. நீகாட்டாவின் இறுகிய மணலை இப்படி எடுத்துச் சோதித்தபோது, குழாய்வழி மாதிரிகளைவிடச் சுழற்சிச் சுமைக்கு அது வெகு அதிகமான எதிர்ப்பைத் தந்தது. தளர்ந்த மணலில் வேறுபாடு அவ்வளவாக இல்லை. குழாய் இறங்கும்போதே தளர்ந்தது சற்று இறுகியும் இறுகியது தளர்ந்தும் போவதால் இரண்டு பிழைகளும் எதிரெதிராக வேலை செய்கின்றன.

உறையவைத்து எடுக்கும் செலவு பெரிய அணைகளுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் கட்டுப்படியாகும். மற்ற இடங்களில், துளையிட்டு 63.5 கிலோ எடையை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் நெருக்கமும் வயதும் பழைய நடுக்கங்களும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்திருக்கும்; தகைவின் திசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அலைக்கும் சக்கரத்துக்கும் ஆளாகும் கட்டுமானங்களில் திசைக்கான திருத்தத்தை உள்ளீடற்ற உருளையில் வந்த முடிவுகளிலிருந்து கடன் வாங்கிச் சேர்ப்பதே பெரும்பாலான வடிவமைப்பு அலுவலகங்களுக்கு இன்று எட்டும் வழி.